ஏழு வீட்டுக்கு ஒரு வாசல்

ஓவர்சியர் தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் ஏழு படங்கள். ஏழிலும் ஏழு வெவ்வேறு மனிதர்கள் நல்ல துணி உடுத்திக்கொண்டு, கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் பின்னால் ஒரே நீலச் சுவர். சுவரில் மழை இறங்கிய கறை. இடது பக்கம் ஒரு விரிசல். விரிசலுக்குக் கீழே கவிழ்த்து வைத்த அலுமினிய அண்டா.

ஏழு படத்திலும் அந்த அண்டாகூட இடம் மாறவில்லை.

"மேடம், இது ஏழு வீடா, ஒரு வீடா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வயதில் என்னைவிடச் சின்னவர், சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாப் பக்கமிருந்து பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. ஒரு வீடுதான் என்று சொன்னேன்.

பலகைக்குப் பெயிண்ட் அடித்த நாள்

என்ன வேலை பார்த்தேன் என்று இந்தத் தொடரில் இதுவரை சரியாகச் சொல்லவில்லை என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். பஸ்ஸைப் பற்றியும் மழையைப் பற்றியுமே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, சம்பளம் யார் கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

மத்திய அரசு நிதியில் ஏற்காட்டு மலைக் குடியிருப்புகளைச் சீர்செய்ய ஒரு திட்டம் சில வருடங்கள் ஓடியது. இடிந்த வீட்டுக்குப் பதில் புது வீடு, பாதை, சாக்கடை, தெருவிளக்கு. அதில் நான் சமுதாய அமைப்பாளர். பெயர்தான் பெரிது, ஒப்பந்த வேலை. ஒவ்வொரு குடியிருப்பாகப் போய், யாருக்கு வீடு வேண்டும் என்று பட்டியல் எடுத்து, மனு வாங்கி, போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

அந்தத் திட்டம் முடிந்து, அதே வேலையைச் செய்ய வேறு பெயரில், வேறு விதிகளோடு ஒரு புதுத் திட்டம் வந்தது. நாகலூர் சாலை வளைவில் நின்றிருந்த தகரப் பலகையில் பழைய பெயரின் மேல் வெள்ளை அடித்து, ஒரே காலையில் புதுப் பெயரை எழுதி முடித்தார் பெயிண்டர். பலகைக்கு ஒரு காலை போதுமாக இருந்தது. மனிதர்கள் இதிலிருந்து அதற்கு மாறுவதற்குள் வருடம் ஓடிவிட்டது. சிலர் மாறவே இல்லை.

பெயிண்ட் அடித்தபோது நான் எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். புதுப் பெயர் நன்றாக இருக்கிறது என்று பெயிண்டரிடம் சொன்னது நினைவிருக்கிறது. வேறு வேலை இல்லாதவள் பேச்சு.

பள்ளக்காடு

அந்த வளைவிலிருந்து காபித் தோட்டத்துக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் போனால் பள்ளக்காடு. எஸ்டேட் வேலைக்குச் சமவெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கும் சின்னக் குடியிருப்பு. எப்போதோ கொடுத்த மனைப்பட்டா, சரிவில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வீடுகள். அதில் ஏழு வீடு மண்சுவரும் தகரமுமாக எப்போது விழும் என்று நின்றன.

அந்த ஏழில் ஒன்று, சரிவின் மேல்முனையில், பாதையை ஒட்டி மாரியாயி வீடு. காபி பறிக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி, ஐம்பது வயசு, வாய் ஓயாது. அந்த ஊரில் சமதளமான வாசல் என்று இருந்தது அவள் வாசல் ஒன்றுதான். மற்ற வீடுகளின் முன்னால் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாவது ஆள் உருண்டு போய்விடுவார்.

அதனால் பள்ளக்காட்டில் எது நடந்தாலும் மாரியாயி வாசலில்தான். கல்யாணம், பூப்புச் சீர், காதுகுத்து, சாவு, வருகிற கட்சிக்காரருக்கு மாலை, எல்லாம் அங்கேதான். போட்டோ என்றாலும் அங்கேதான். ஒவ்வொரு தைக்கும் அவள் சுவருக்கு நீலம் அடிக்க ஊரே ஆளுக்குக் கொஞ்சம் நீலமும் சுண்ணாம்பும் வாங்கி வரும். அது அவள் வீடு என்பதே பாதி மறந்துபோயிருந்தது.

நான் பழைய திட்டத்துக்காக முதல் படம் எடுக்கப் போனது ஐப்பசி மழையில். மனுதாரர் தன் பழைய வீட்டின் முன்னால் நிற்க வேண்டும், அதைப் போனில் எங்கள் செயலி வழியாக எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் திரையில் ஒரு வட்டம் சுற்றும். இருக்கிற இடத்தைச் செயலி கண்டுபிடித்ததும் வட்டம் நின்று ஒரு பச்சைப் புள்ளி வரும். புள்ளி வந்தால்தான் படம்.

பள்ளத்துல புள்ளி எடுக்காது, மேலேயே முடிச்சுக்கோங்க என்று எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் மாரியாயி வாசலில் நின்று போனைப் பார்த்தேன். புள்ளி வந்தது. கீழே பார்த்தேன். செம்மண்ணில் வெட்டிய படிகள் மழையில் வழவழவென்று இறங்கின. கடைசியில், எல்லாவற்றுக்கும் அடியில், செல்வியின் வீடு. மரத்தடியில் அதன் தகரம் மட்டும் தெரிந்தது.

எல்லாருடைய வீட்டு முன்னாலும் போய் எடுக்க வேண்டுமே, ஆனால் பள்ளத்தில் எடுக்காதாம் என்று இழுத்தேன். மாரியாயி விடவில்லை.

"ஏனுங்க, இந்த வழுக்கல்ல எதுக்கு எறங்கறீங்க? எல்லாரும் இங்கியே நிக்கட்டும். எங்கூரு எப்பவும் இங்கதானுங்களே நிக்குது."

அதற்குள் ஆளாளுக்கு நல்ல சேலையும் வேட்டியும் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். போட்டோ என்றால் அவர்களுக்கு மாரியாயி சுவர். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்பதுதான்.

செல்வி ஐந்தாவதாக நின்றாள். பச்சைச் சேலை. சிரிக்கலாமா என்று கேட்டாள். சிரி என்று சொன்னேன்.

ஸ்டூடியோ பங்களா

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. சின்ன வயதில் சேலத்தில் நாங்கள் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். குடும்பப் படம் எடுக்க அப்பா எங்களை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனார். அங்கே திரைச்சீலையில் ஒரு பங்களா வரைந்திருந்தது. மாடி, தோட்டம், வாசலில் ஒரு கார். அதன் முன்னால் நாங்கள் ஐந்து பேரும் விறைப்பாக நின்றோம்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை. இது ஒரு குறை என்று எனக்கு அப்போது படவில்லை. இல்லாத பங்களா முன்னால் நின்று வளர்ந்தவளுக்கு, அடுத்தவர் சுவரின் முன்னால் ஆட்களை நிற்க வைப்பது தப்பு என்று எப்படித் தெரியும் என்று சில நாள் என்னை நானே சமாதானம் செய்துகொள்வதுண்டு. அந்தச் சமாதானம் பத்து நிமிஷம்கூடத் தாங்குவதில்லை.

"நான் இருக்கேன்ல"

ஏழு மனுவும் அனுமதி ஆயின. அஸ்திவாரம் போட்ட படத்தை ஏற்ற வேண்டும், திட்டம் முடியப்போகிறது, சீக்கிரம் என்று மேலிருந்து தினமும் செய்தி வந்தது. பழைய வீட்டை இடிக்கச் சொல்லி, நான் பள்ளக்காட்டுக்குப் போய் எல்லாரையும் விரட்டினேன். ஒருவர் தை பிறக்கட்டும் என்றார். ஒருவர் கல் வரட்டும் என்றார். ஆளுக்கொரு சாக்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள்தான் புத்திசாலிகள்.

செல்வி மட்டும் தன் வேலையை விட்டுவிட்டு வளைவு வரைக்கும் என் பின்னால் வந்தாள். புருஷன் குடகில் காபி வேலைக்குப் போயிருந்தான். இரண்டு பெண் பிள்ளைகள். என்னோடு பஸ்ஸுக்கு நின்றாள்.

"இடிச்சறலாமுங்களா அக்கா?" என்று கேட்டாள். "நொம்ப யோசனையா இருக்குதுங்க."

"இடிச்சுரு செல்வி. நான் இருக்கேன்ல."

இன்னொரு தரமும் கேட்டாள். இன்னொரு தரமும் அதையே சொன்னேன். பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன்.

மறுவாரமே இடித்துவிட்டாள். எஸ்டேட் லீவில் நான்கு பெண்கள் கூடி, தகரத்தை இறக்கி, சுவரைத் தள்ளி, மண்ணை வாரிக் கொட்டி இடத்தைத் துப்புரவாக்கிவிட்டார்கள். செல்வியும் பிள்ளைகளும் மாரியாயி வீட்டுப் பின்னால் தார்ப்பாய் கட்டிய சாய்ப்பில் குடியேறினார்கள். கல் வரவில்லை. தோண்டிய குழியில் மழைத்தண்ணீர் நின்றது. அது வடிவதற்குள் பழைய திட்டம் மூடப்பட்டது. ஒருநாள் காலையில் என் போனில் செயலி திறந்தது, படம் ஏற்றும் பக்கம் மட்டும் திறக்கவில்லை.

விசாரித்தார், கையெழுத்து வாங்கினார்

பாதியில் நின்றவர்களைப் புதுத் திட்டத்துக்கு மாற்ற, முதல் படத்தைச் சரிபார்க்கச் சொல்லி உத்தரவு. அதற்காகத்தான் அந்த ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பி வைத்தார்.

நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் நேரில் வந்து பள்ளக்காட்டைப் பார்த்தார், எல்லாரையும் விசாரித்தார், என்னிடம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். மோசடி என்று எழுதவில்லை, நடைமுறைத் தவறு என்றுதான் எழுதினார். சுவர் அவளுடையதே என்பதால் மாரியாயி பெயர் அப்படியே புதுப் பட்டியலுக்குப் போனது. மற்றவர்கள் தங்கள் சொந்த வீட்டின் முன்னால் நின்று மறுபடி படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். மனசாட்சி உள்ள மனிதர்.

ஐந்து பேரை அன்றைக்கே படம் எடுத்துவிட்டார்கள். செல்விக்கு நிற்க வீடு இல்லை.

அவளிடம் வரி ரசீது இருந்தது, பட்டா இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது. எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பழைய வீட்டின் படத்தை ஏற்றாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்தைத் திறக்கவில்லை. வீடே இல்லாதவர்கள் என்று வேறொரு பட்டியல் உண்டு, அதில் போட்டுப் பார்க்கலாம் என்று ஓவர்சியரே முயன்றார். ஏற்கெனவே வீடு அனுமதி ஆனவர் என்று அது தள்ளிவிட்டது. அந்த அனுமதியைக் கொடுத்த திட்டம் மூடிவிட்டது என்பது அதற்குத் தெரியவில்லை.

"முதல் படம் மட்டும் சரியா இருந்திருந்தா மேடம், இடிச்சிருந்தாக்கூட பரவாயில்ல. நேரா புது லிஸ்ட்டுக்குப் போயிருக்கும்," என்றார்.

செல்வி பக்கத்திலேயே நின்றிருந்தாள். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். இடிப்பதற்கு முன்னால் எடுத்த படம் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், நான் மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றார் ஓவர்சியர். அதைப் பிடித்துக்கொண்டோம்.

ஆல்பங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் பள்ளக்காட்டில் ஆல்பம் ஆல்பமாகப் புரட்டினோம். வெளியே தூறல். மாரியாயி எல்லாருக்கும் கடுங்காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். செல்வியிடம் இருந்தது பட்டன் போன். அவள் புருஷன் குடகிலிருந்து தன் போனில் இருந்த படங்களை எல்லாம் மாரியாயி மகள் போனுக்கு அனுப்பினான்.

பிள்ளைகள் பாவாடை கட்டி நின்ற படம், நீலச் சுவர். பொங்கல் படம், நீலச் சுவர். செல்வியின் சீர், யார் யாருடைய கல்யாணமோ, காதுகுத்தோ, எல்லாவற்றிலும் மாரியாயி சுவர்தான். ஒரு வருடம் வெளிர் நீலம், ஒரு வருடம் அடர் நீலம். அந்த ஊரில் ஒருவரும் தன் வீட்டை ஒருநாளும் படம் எடுத்ததில்லை. தினமும் பார்க்கிற வீட்டை யார் எடுப்பார்கள்?

சாயங்காலம் ஒரு பழைய கல்யாண ஆல்பத்தில் செல்வி சட்டென்று விரலை வைத்தாள். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், பள்ளத்தில், ஒரு தகரக் கூரையின் மூலை. அதன் மேல் ஒரு கல்லும் பழைய டயரும்.

"இது எங்கூடுங்க," என்றாள். "டயரு பாருங்க. நாந்தான் தூக்கிப் போட்டேன், காத்துக்குத் தகரம் பறக்குதுன்னு."

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் ஓடி வந்து பார்த்தன. ஆல்பம் கைமாறிக் கைமாறிப் போனது. நானும் ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஓவர்சியர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். மேலே எழுதவும் செய்தார். பதில் வர இரண்டு மாதம் ஆனது. கூரையின் ஓரம் வீடு ஆகாது, யாருடைய கூரை என்பதற்கும் ஆதாரம் இல்லை என்ற அர்த்தத்தில் இரண்டே வரி. அதற்குள் என் ஒப்பந்தமும் முடிந்திருந்தது. புதுத் திட்டத்துக்குப் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். செல்விக்கு அந்த இரண்டு வரியை நான்தான் போய்ச் சொன்னேன். சரிங்க அக்கா என்றாள். எனக்குத் திட்டு வாங்கியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

படிகள்

புதுத் திட்டத்தில் ஆறு வீடுகள் எழும்பின. முதலில் முடிந்தது மாரியாயி வீடு. புதுமனை புகும் புண்ணியார்ச்சனைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று போன் செய்தாள். போகாமல் இருக்க என்னென்னவோ காரணம் தேடினேன். கடைசியில் அடிவாரத்தில் பஸ் ஏறியபோதும் இறங்கிவிடலாமா என்றுதான் இருந்தேன்.

பங்குனி மாதம். அந்த வாரம் மழை பெய்து காபி பூத்திருந்தது. பாதை முழுக்க அந்த மணம். மாரியாயி புது வீட்டுக்கும் நீலமே அடித்திருந்தாள். ஆனால் முன்னால் இழுத்துக் கட்டியதில் வாசல் பாதியாகிவிட்டது. அந்த ஊருக்கு நிற்க இடம் குறைந்துபோயிருந்தது.

செல்வி எஸ்டேட் லயத்தில் ஒரு அறைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். வந்திருந்தாள். எனக்கு இலை போட்டது அவள்தான். சாப்பிட்டு முடித்ததும் கூப்பிட்டாள், வாங்க அக்கா, எங்க எடத்தைப் பாருங்க என்று.

அந்தப் படிகளில் நான் இறங்கியது அன்றுதான் முதல் தடவை. எண்ணக்கூட வேண்டாத அளவுக்குக் கொஞ்சப் படிகள். மேலே நின்று பார்க்கும்போது பாதாளம் மாதிரி தெரிந்தது இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது.

சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு சதுரம். குழி தூர்ந்து புல் முளைத்திருந்தது. அடுப்புக்கல் மட்டும் அதே இடத்தில் கிடந்தது. இது அடுப்படி, இது பெட்டி வைத்திருந்த மூலை, பெரியவள் பிறந்தது இங்கே என்று காலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். சுவர் இருந்த இடத்தில் தாண்டாமல், வாசல் இருந்த இடத்துக்குப் போய் அதன் வழியாகவே உள்ளே வந்தாள். நானும் அப்படியே சுற்றிக்கொண்டு வந்தேன்.

"அன்னிக்கு ஒருக்கா எறங்கி வந்திருக்கலாமுங்க அக்கா," என்றாள்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை. விருந்தாளியை இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டிருக்கலாம் என்று சொல்கிற குரல்.

"பள்ளத்துல எடுக்காதுன்னு சொன்னாங்க செல்வி."

"ஆமாங்க. சொன்னீங்க."

என் போனில் அந்தப் பழைய செயலியை நான் அழிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. கை தானாக அதைத் திறந்தது. மேலே அடர்ந்த அதே மரங்கள். வட்டம் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, அவ்வளவுதான். நின்றது. பச்சைப் புள்ளி வந்தது.

எனக்கு முன்னால் இருந்தவர் என்னிடம் சொன்னார், அவருக்கு யார் சொன்னார்களோ. அவரும் அந்தப் படிகளில் இறங்கியிருக்க மாட்டார்.

"எடுக்குதுங்களா அக்கா?" என்று கேட்டாள் செல்வி. போன் திரை அவள் பக்கம் தெரியவில்லை.

"இல்லை," என்றேன்.

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அது ஒரு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். எடுக்காத இடத்தில் இருந்ததால் போன வீடு என்று நினைத்துக்கொள்ளலாம். மேலே போய்க் காபி குடித்தோம். மாரியாயி புதுச் சுவரின் முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னாள். முடியாது என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸுக்கு ஓடி வந்தேன்.

இந்தப் பத்திரிகை ஒண்டிக்கடையில் கிடைக்கும். லயத்துக்கு யாராவது கொண்டு போகலாம், செல்வியின் பெரியவள் இப்போது நன்றாகப் படிக்கிறாளாம், அம்மாவுக்குப் படித்துக் காட்டலாம். அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் சொன்னது பொய், செல்வி. அங்கே எடுத்தது.